தகரத்துக்குப் பின்னே

லின்லின் தீவு
ஏப்ரல் 9, 1967

என் பிரியமுள்ள அவுரிஸ்தெலா அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, இருமல் இல்லாமல் இருக்கிறோம். அந்தத் தென்கோடிப் புந்தா அரேனாஸில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? துணி துவைத்து வெடித்த உன் விரல்கள் ஆறினவா?

முதல் தாள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதில் உள்ளபடி உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது உண்மை. பன்றி கொழுத்தது உண்மை. "வீட்டில் ஒரு குறையும் இல்லை" என்பது மட்டும் உண்மை இல்லை. தெற்கே வேலைக்குப் போனவர்களுக்குக் கெட்ட சேதி எழுதினால் அவர்கள் கை வேலையில் நடுங்கும் என்று அம்மா சொல்வாள் இல்லையா? அதனால் இந்த இரண்டாம் தாளை எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

இரும்படுப்புக்குப் பின்னால், பலகைச் சுவரில் அப்பா அடித்த தகரத்தில் ஒரு மூலை ஆணி ஆடியது. உள்ளே தள்ளலாம் என்று கட்டைவிரலால் அழுத்தினேன். அது வெந்த கிழங்கில் போவது மாதிரி உள்ளே போய்த் திரும்பிக் கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகக் கருப்புப் பொடி கொட்டியது. மோந்து பார்த்தேன். கரி.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் குட்டி மிலாவின் கட்டில். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறாள். வருகிறவர்களெல்லாம் அந்தச் சுவரின் கதகதப்பைத் தொட்டுப் பார்த்து, "இந்த வீட்டுப் பிள்ளைங்க குடுத்து வெச்சதுங்க" என்பார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அம்மாவிடம் பொடியைக் காட்டினேன். "உங்கப்பா அடிச்ச தகரம்டி அது. அவருக்குத் தெரியாததா? இந்த மழையில விறகே எரிய மாட்டேங்குது, சுவரு எரியுமாக்கும்!" என்றாள். ஒரு நாள் அடுப்பை ஆறவிட்டு, நகர்த்தி, தகரத்தைப் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான். கரண்டியைத் தூக்கிவிட்டாள்.

அப்பா தெற்கே வேலைக்குக் கிளம்பிய அன்று படகுத்துறையில் அவரிடம் அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "நீங்க திரும்பி வந்து இறங்குற வரைக்கும் அடுப்பு அணையாது. வந்ததும் மாத்தே டீ சூடா கையில இருக்கும்." க்ளோரிந்தா அத்தை உடனே, "பாக்கத்தானே போறோம்" என்றாள். அத்தைக்காகவே இந்த மூன்று வருடமாக அம்மா நடுராத்திரியில் எழுந்து விறகு போடுகிறாள். நம் புகைபோக்கியில் ஒரு காலை புகை வராவிட்டால் அத்தை மழையில் நனைந்துகொண்டாவது வந்து கேட்பாள்.

அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டு எழுது. அவர் வந்தால் அன்றைக்கே அடுப்பை அணைக்கலாம். அவரே தகரத்தைப் பிரிக்கலாம். யாருக்கும் அவமானம் இல்லை.

உன் கன்னத்தில் முத்தம். மிலாவும் ஒன்று தரச் சொன்னாள், ஆனால் அவள் வாய் முழுக்க ஜாம்.

உன் தங்கை
சுனில்தா


புந்தா அரேனாஸ்
மே 2, 1967

என் தங்கக் கட்டி சுனில்தாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அடுப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். நான் நலம். விரல்கள் ஆறிவிட்டன. எஜமானியம்மா கத்துவாள், பிறகு கேக் தருவாள். மோசமில்லை.

முதலில் மிலாவின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

இங்கே புகைக்குழாய் துடைக்க வந்த ஆளிடம் கேட்டேன். "தகரத்தை மரத்தோட ஒட்டி அடிச்சா அது காவல் இல்லம்மா, இஸ்திரிப்பெட்டி" என்றார். தகரம் சூட்டை வாங்கி நேராகப் பலகைக்குக் கொடுக்கும். பலகை தீப்பிடிக்காமலே வருடக்கணக்கில் வறுபடும். அப்படி வறுபட்ட மரம், நல்ல மரம் தாங்கும் சூட்டைக்கூடத் தாங்காதாம். ஒரு நாள் பொறிகூட இல்லாமல் பற்றிக்கொள்ளுமாம்.

இந்த வீட்டு அடுப்பின் பின்னால் பார்த்தேன். தகரம் சுவரைத் தொடவே இல்லை. இரண்டு விரல் அகலம் விலகி நிற்கிறது. நடுவில் பீங்கான் குமிழ்கள். கீழேயும் மேலேயும் திறந்திருக்கிறது. கையை வைத்தால் அந்த இடைவெளியில் காற்று மேலே ஓடுவது தெரிகிறது. சுவர் சில்லென்று இருக்கிறது.

அப்பாவைப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார். அம்மா பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் அளவாக இருக்கிறது என்று முதல் தாளில் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே வாசித்துக் காட்டு.

பயப்படாதே, ஆனால் கவனமாக இரு.

உன்னை மடியில் வைத்துத் தலைவாரிய
அவுரிஸ்தெலா


லின்லின் தீவு
மே 25, 1967

என் அக்காவுக்கு ஆயிரம் அணைப்புகள்.

இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. சளி எல்லோருக்கும் வந்து போய்விட்டது. உனக்கு வராமல் இருக்க வேண்டும்.

கட்டிலைத் தள்ளிவிட்டேன். சுவரோரம் எலி இருக்கிறது என்று மிலாவிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா பக்கத்து வீட்டு எர்மெலிந்தா அத்தையின் பூனையைக் கடன் வாங்கி வந்தாள். பூனை வந்த வேகத்தில் சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டது. பூனையைக் கட்டிக்கொள்ள மிலாவும் அங்கேயே போய்விட்டாள். இப்போது சுவரில் இரண்டு முதுகு.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சூடு குறையட்டும் என்று தகரத்தில் தண்ணீர் தெளித்தேன். 'சுர்ர்' என்று சீறியது. அம்மா ஓடிவந்து, "அடுப்பு மேல தண்ணி ஊத்துறியா? உங்கப்பனை வர விடக்கூடாதுன்னு வேண்டுதலா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளே அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் எனக்கு மில்காவோ அடை சுட்டுக் கொடுத்தாள், கிழங்கு நன்றாக வெந்து, உள்ளே பன்றிக்கொழுப்புத் துண்டு வைத்து.

இன்னொன்று. உன் கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் அம்மா, "கையில ரெண்டு தாள் இருக்கு. ஒரு தாள் சத்தம்தானே கேட்டுச்சு?" என்றாள். பள்ளிக்கூடக் கணக்குக்கு நீ உதவி எழுதியிருக்கிறாய் என்றேன். "அக்கா கணக்குல முட்டை வாங்குனவளாச்சே" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

அக்கா, அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டேனே. நீ அதற்குப் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாயா? தேதி தெரியாவிட்டால் மாதம் சொன்னால்கூடப் போதும். நான் அதுவரைக்கும் தினமும் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சமாளிப்பேன்.

உன் பதிலுக்காகப் படகுத்துறையில் நிற்கும்
சுனில்தா


புந்தா அரேனாஸ்
ஜூன் 20, 1967

அன்பே சுனி,

எல்லோரும் நலமாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நடுக்குளிர்காலம், பனி முழங்கால்வரை. அப்பாவுக்கு அம்மா பின்னிய ஸ்வெட்டரை இப்போது நான்தான் போட்டிருக்கிறேன். அதை அம்மாவுக்கு வாசிக்காதே.

அப்பாவுக்கு இப்போது ஆடு மயிர் கத்தரிக்கும் வேலை இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். அது வருடம் முழுக்க உள்ள வேலை.

சுவரைப் பிரிக்க அப்பாவுக்காகக் காத்திருக்காதே. இதை நன்றாக மனதில் வை. அம்மாவை எப்படியாவது சம்மதிக்க வை. நீ கெட்டிக்காரி.

வேறு எழுத நேரமில்லை. அழைப்பு மணி அடிக்கிறது.

அவுரிஸ்தெலா


லின்லின் தீவு
ஜூலை 8, 1967

என் அக்காவுக்கு,

நீ சுகமா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வடகாற்று புயலாக அடித்தது. புகைபோக்கி இழுத்த இழுப்பில் அடுப்பு ஊளையிட்டது. மேல் தட்டு சிவந்துவிட்டது. நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மிலா உள்ளே இருந்து வந்து, "அம்மா, சுவரு குறட்டை விடுது" என்றாள்.

அம்மா சிரித்துக்கொண்டே போனாள். அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டது. பலகை இடுக்கில் நூல் மாதிரி புகை வந்தது அக்கா. தகரத்துக்கு அடியில் அப்பா ஒட்டிய பழைய செய்தித்தாள் தீய்ந்த வாசனை. அடுப்பின் காற்றுவாயை அடைத்தாள். மிலாவையும் பூனையையும் தூக்கி மாடிப் பரணில் போட்டாள்.

அன்றிலிருந்து இரவெல்லாம் தண்ணீர் வாளியோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் நெருப்பை மட்டும் அணைக்கவில்லை. சின்னதாக வைத்திருக்கிறாள். "நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படு" என்கிறாள். நான் பரணில் படுத்துப் பலகை இடுக்கு வழியாக அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தலை சாய்ந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்?

அப்பாவுக்காகக் காத்திருக்காதே என்று ஏன் எழுதினாய்? அவருக்கு விடுமுறை தர மாட்டார்களா? அதை அம்மாவிடம் சொல்லலாமா, கூடாதா? நீ சொல்லாமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

பயத்தோடு
சுனில்தா


லின்லின் தீவு
ஜூலை 15, 1967

அக்கா,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். நல்ல சேதி. உடம்பு எப்படி என்று கடைசியில் கேட்கிறேன்.

நேற்று அம்மா பாதி தூக்கத்தில் மாத்தே ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசனையும் வந்தது.

"அம்மா, நெருப்பை அணைக்க வேணாம். எர்மெலிந்தா அத்தை வீட்டுக்கு அனுப்பலாம்."

"எதை?"

"நெருப்பை. இரும்புச் சட்டியில கங்கு அள்ளிட்டுப் போய் அவங்க அடுப்புல வெச்சிருவோம். ரெண்டு நாள் அங்க இருக்கட்டும். இங்க சுவரை முடிச்சிட்டுத் திரும்பக் கூட்டிட்டு வந்துரலாம். அணையலைல்ல? நீ சொன்ன வாக்கு அப்படியே இருக்கும்."

திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவ பச்சை விறகு வெப்பாளே," என்றாள் அம்மா. "என் நெருப்புக்கு இருமல் வந்துரும்."

கண்ணைத் திறந்தேன். சிரிக்கிறாள். எவ்வளவு காலம் ஆயிற்று அந்தப் பல்லைப் பார்த்து! பிறகு கவலை. உதவிக்கு நாலு பேரைக் கூப்பிட்டால் வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும், அடுப்பில்லாமல் எப்படிப் போடுவது, ஊர் என்ன சொல்லும். நான் ஓடிப் போய் எர்மெலிந்தா அத்தையைக் கேட்டேன். "நெருப்போட கறியையும் அனுப்பச் சொல்லு, நான் சமைக்கிறேன். வாடகை கேக்க மாட்டேன்" என்றாள்.

ஆகஸ்டில் மழை கொஞ்சம் விடும்போது செய்யலாம் என்று முடிவு. பீங்கான் குமிழுக்கு இங்கே எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

உன் உடம்பு எப்படி?

சுனில்தா


புந்தா அரேனாஸ்
ஆகஸ்ட் 1, 1967

என் கெட்டிக்காரக் குட்டிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே கப்பலில் வந்தன. முதலாவதைப் படித்து அழுதேன், இரண்டாவதைப் படித்துச் சிரித்தேன். எஜமானியம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் நன்றாக இருக்கிறேன்.

குமிழுக்குக் கல் போதும். தேவாலயத்துக்குக் கீழே கடற்கரையில், அடுப்புக்குச் செதுக்கும் அந்த மெத்தென்ற மணற்கல் கிடக்குமே. சிப்பிகள் துளைத்து ஓட்டை போட்ட துண்டுகளாகப் பொறுக்கு. நன்றாகக் காய வை. ஓட்டை வழியாக ஆணி போகும், தகரம் கல் மேல் நிற்கும். கருகிய பலகை எதையும் விட்டுவைக்காதீர்கள். கீழே குப்பை அடையவிடாதே. இடைவெளி அழகாக இல்லை என்று அம்மா அதில் ஏதாவது செருகுவாள். செருகவிடாதே.

நீ கேட்டது எனக்குத் தெரியும் சுனி. மூன்று கடிதமாகக் கேட்கிறாய். எனக்கு எழுத வரவில்லை. என் மேல் கோபப்படாதே. அப்பா உயிரோடு, நலமாக இருக்கிறார். அதுவரைக்கும்தான் என் பேனா போகிறது.

உன் நெற்றியில் முத்தமிடும்
அவுரிஸ்தெலா


லின்லின் தீவு
ஆகஸ்ட் 28, 1967

என் அருமை அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

கல்லை மிலாதான் பொறுக்கினாள். ஒரு வாளி கேட்டால் நாலு வாளி கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா கங்குகளைச் சட்டியில் அள்ளி மூடினாள். எர்மெலிந்தா அத்தை அதைச் சால்வைக்குள் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு தூறலில் நடந்தாள். நான் குடை பிடித்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள், "யாருக்குப் பிறந்தது?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

நம் அடுப்பு ஆறியபோது வீடே யாரோ பேசுவதை நிறுத்தியது மாதிரி ஆகிவிட்டது. நினைத்தபடியே க்ளோரிந்தா அத்தை வந்து நின்றாள். "என்ன உபெர்லிந்தா, புகையைக் காணோம்?"

"வெளியூர் போயிருக்கு" என்றாள் அம்மா.

எர்மெலிந்தா அத்தையின் வீட்டுக்காரர் பால்தொமேரோ மாமாவும் அவர் தம்பியும் அடுப்பை நகர்த்தினார்கள். மாமா தகரத்தில் கடப்பாரையை வைத்து நெம்பினார். ஆணிகள் சத்தமே போடாமல் வந்தன. தகரம் விழுந்தது. பலகை இருக்கவேண்டிய இடத்தில் கருப்பாக, முதலைத் தோல் மாதிரி வெடித்து ஏதோ இருந்தது. மாமா சுத்தியலால் லேசாகத் தட்டினார். கை உள்ளே போய்விட்டது. மறுபக்கம் மிலாவின் அறையில் நல்ல பலகை மாதிரி தெரிந்ததெல்லாம் வெறும் மேல் தோல். அதற்குள்ளே முழுக்கக் கரி. அவள் முதுகு வைத்துத் தூங்கிய இடம்.

க்ளோரிந்தா அத்தை சிலுவைக் குறி போட்டாள். "என் அண்ணன் நல்ல தச்சன்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அம்மா கரியை விரலால் தொட்டு, ரொம்ப நேரம் பார்த்து, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நான் ராத்திரி எந்திரிச்சுப் போட்ட விறகெல்லாம் இங்க வந்திருக்கு" என்றாள்.

கரி எல்லாம் வெட்டி எடுத்தாயிற்று. புது சைப்ரஸ் பலகை. கல் வைத்து, விலக்கித் தகரம். கீழே என் கை நுழைகிறது, மேலே திறந்திருக்கிறது. நீ சொன்னபடியே அம்மா அந்த இடைவெளியில் கரண்டிகளைச் செருகப் பார்த்தாள். நான் விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நெருப்பைத் திரும்பக் கொண்டுவர அம்மாவே சட்டியோடு போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. க்ளோரிந்தா அத்தை வேடிக்கை பார்க்கவே நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்தாள். சட்டியில் ஒன்றும் இல்லை.

"அணைஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல. எர்மெலிந்தா வீட்டுல நல்லா எரியுது. அங்கயே இருக்கட்டும். தீப்பெட்டி எடு."

முதல் குச்சி நமுத்துப்போய் உடைந்தது. அடுத்ததில் பற்றியது.

அத்தை விடவில்லை. "அப்ப இது அண்ணன் போகும்போது இருந்த நெருப்பு இல்லையே?"

"இல்ல. இது என் நெருப்பு. உனக்கு மாத்தே வேணுமா, வேணாமா?"

அத்தை பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "சக்கரை கம்மியா" என்றாள்.

அவள் போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "உங்கப்பாவுக்கு அங்க வேற அடுப்பு இருக்கு," என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கம்பளி பத்தாம அந்த ஸ்வெட்டர்ல ஒரு கையைக் குட்டையா முடிச்சிட்டேன். ஒரு பருப்புல உப்பு கம்மின்னாக்கூடப் பத்து நாள் பேசுற மனுஷன். அளவா இருக்குன்னு உங்கக்கா எழுதுறா. அவர் அதைக் கையில வாங்கவே இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் விறகு போட்டுட்டுத்தான் இருந்தேன். பழக்கம்டி."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மிலா வந்து சுவரைத் தொட்டு, "செத்துப்போச்சா? சில்லுன்னு இருக்கு" என்று அவளும் அழுதாள். அம்மா அவளைத் தூக்கித் தன் கட்டிலில் போட்டுக்கொண்டாள். இப்போது மூன்று பேரும் பூனையும் அதில்தான் படுக்கிறோம்.

இதைப் பகலில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரிக்க, எழுதுகிறேன். எழுதுவதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். உனக்கு இதை எழுதச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அவுரிஸ்தெலா, எனக்காக நீ இனிமே எதையும் மறைச்சு வைக்க வேண்டாம். சின்னப் பிள்ளை, ஒத்தையாளா எவ்வளவு நாள்தான் தாங்குவே. அவரைப் பாத்தா பாரு, பாக்க வேண்டாம்னா பாக்காத. அங்க இருக்கணும்னா இரு, வரணும்னா அடுத்த கப்பலுக்கே வா. உனக்கு இங்க இடம் இருக்கு, கட்டில்தான் இல்ல."

நான் சொல்வது இவ்வளவுதான் அக்கா. ராத்திரி நான் சுவரைத் தொட்டுப் பார்க்க எழுந்திருப்பதில்லை. அம்மாவும் எழுந்திருப்பதில்லை. காலையில் அடுப்பு ஆறியிருக்கிறது, அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே பற்றவைக்கிறாள். நீயும் தூங்கு.

உன் அம்மாவும், மிலாவும்,
சுனில்தாவும்